வேலிக்கு உள்ளும் புறமும்



தென்னாப்பிரிக்க யாத்திரையைப் பற்றிப் பேச வேண்டும் என்று என்னைக் கேட்டுக்கொண்ட நண்பர்கள், தங்கச் சுரங்கங்களையும் வைரக் குழிகளையும் சிங்கம் உலவும் வனங்களையும் நான் விஸ்தாரமாக வர்ணிப்பேன் என்று எதிர்பார்த்திருக்கக்கூடும். அவற்றை வர்ணிக்க வல்லவர்கள் பலர் உண்டு. அந்தப் பாக்கியத்தை அவர்களுக்கே விட்டுவிட்டு, கேப் டவுன் நகரத்துக்கு மேலே நிமிர்ந்து நிற்கும் மேசை மலையின் கிழக்குச் சரிவில், பாறைகளுக்கும் ஓடைகளுக்கும் இடையே அமைந்துள்ள கிர்ஸ்டன்போஷ் என்னும் தாவரத் தோட்டத்தைப் பற்றி மாத்திரம் இன்று சில விஷயங்களைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

தாவரத் தோட்டம் என்றவுடன் நம் மனத்தில் எழும் சித்திரம் வேறு. உதகமண்டலத்தில் 1848ஆம் ஆண்டில் மக்ஐவர் என்னும் தோட்டக்காரர் உருவாக்கத் தொடங்கிய தோட்டத்தைப் பார்த்தவர்கள், சீனத்து மரத்தையும் ஆஸ்திரேலிய மரத்தையும் ஐரோப்பியப் பூஞ்செடிகளையும் ஒரே புல்வெளியின் ஓரத்தில் கண்டு வியந்திருப்பார்கள். தூர தேசத்திலிருந்து எவ்வளவு வந்திருக்கிறதோ அவ்வளவுக்குத் தோட்டத்தின் பெருமை என்பது அந்தக் காலத்து அபிப்பிராயம். கிர்ஸ்டன்போஷ் இதற்கு நேர்மாறான சங்கற்பத்தோடு 1913ஆம் ஆண்டு ஜூலை மாதம் முதல் தேதி ஸ்தாபிக்கப்பட்டது. தென்னாப்பிரிக்க மண்ணில் தாமே முளைத்து வளரும் தாவரங்களைத் தவிர வேறு எதையும் இங்கே புதிதாக நடுவதில்லை என்பது அதன் கொள்கை. சொந்த நாட்டுத் தாவரங்களைக் காப்பதையே நோக்கமாகக் கொண்டு உலகில் தோன்றிய முதல் தோட்டங்களுள் ஒன்றாக இதைத் தாவர சாஸ்திரிகள் குறிப்பிடுகிறார்கள். பராமரித்து வளர்க்கும் பகுதி சுமார் 36 ஹெக்டேர். அதைச் சூழ்ந்து மலைமேல் ஏறிச் செல்லும் இயற்கைக் காடும் புதரும் சேர்ந்தால் 500 ஹெக்டேருக்கு மேற்படும். 2004ஆம் ஆண்டில் யுனெஸ்கோ சபையார் கேப் தாவரப் பிரதேசத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது, இத்தோட்டமும் அதில் அடங்கியது.

சொந்த நாட்டுச் செடிகளைச் சொந்த நாட்டில் வளர்ப்பதில் என்ன சிரமம், வெயிலும் மழையும் பழகியவைதாமே என்று கேட்கத் தோன்றும். இதுவே சிரமமான காரியம் என்பதைத்தான் அந்தத் தோட்டத்தில் சுற்றியலைந்தபோது நான் தெரிந்துகொண்டேன். வெளிநாட்டுச் செடியை வளர்ப்பவன், அது உயிரோடிருந்தாலே திருப்தியடைந்துவிடலாம். நாட்டுச் செடியை வளர்ப்பவனோ, அது எந்தக் கூட்டத்தோடு எந்த முறையில் வாழ்ந்ததோ அந்த வாழ்வையும் கற்றுக்கொள்ளக் கடமைப்பட்டவன். கற்றுக்கொண்டதை என்றாவது ஒருநாள் வேலிக்கு வெளியே கொண்டுபோகவும் கடமைப்பட்டவன்.

வேலி என்று சொன்னேன். அந்தத் தோட்டத்திலுள்ள வஸ்துக்களில் சரித்திரம் மிகுந்தது ஒரு வேலிதான். 1652ஆம் ஆண்டில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்களுக்குக் காய்கறியும் இறைச்சியும் தண்ணீரும் கிடைக்கும்படி ஒரு தங்குமிடம் அமைப்பதற்காக யான் வான் ரீபேக் என்பவர் கேப் முனையில் வந்திறங்கினார். அங்கே தலைமுறை தலைமுறையாக மாடும் ஆடும் மேய்த்துவந்த கோய்கோய் மக்களுக்கும் வந்தேறிகளுக்கும் மேய்ச்சல் நிலத்தைக் குறித்துச் சண்டை மூண்டது. அதன் பின்னர், 1660இல், அம்மக்களும் அவர்களுடைய மந்தைகளும் உள்ளே வராதபடி குடியேற்றத்தின் எல்லையில் காட்டுவாதுமைக் கன்றுகளை நட்டு உயிர்வேலி கட்ட வான் ரீபேக் உத்தரவிட்டார். கிளைகள் தரையோடு படர்ந்து, வேரூன்றி, மறுபடி மேலெழுந்து பின்னிக்கொள்ளும் சுபாவமுடைய மரம் அது. முந்நூற்றறுபது ஆண்டுகளுக்குப் பின்னும் அந்த வேலியின் ஒரு பகுதி கிர்ஸ்டன்போஷில் பச்சைப் பசேலென்று நிற்கிறது. 1936இல் அதைத் தேசியச் சின்னமாகவும் பிரகடனம் செய்தார்கள். அதன் கொட்டை விஷம். கோய்கோய் மக்கள் அதை நீரில் ஊறவைத்து, வறுத்து, விஷம் நீக்கி உண்ணும் வித்தையை அறிந்திருந்தார்கள். ஆக, அவர்களுக்கு உணவளித்த மரத்தைக் கொண்டே அவர்கள் வழி அடைபட்டது. இதே கம்பெனிதான் அக்காலத்தில் நம் பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் கோட்டை வைத்திருந்தது என்பதையும், நம்முடைய சோழமண்டலக் கரையிலிருந்து அடிமைகளாக ஏற்றப்பட்ட ஏழை ஜனங்கள் அந்த முனையில் இறக்கப்பட்டு உழைத்தார்கள் என்பதையும் நினைத்தபோது, அம்மரத்தடியில் எனக்குச் சிறிது நேரம் தாவர சாஸ்திரம் மறந்துபோயிற்று.

தோட்டம் பிறந்த வருஷத்துக்கும் இப்படி ஒரு விசேஷம் உண்டு. 1913 ஜூன் 19ஆம் தேதி தென்னாப்பிரிக்க அரசாங்கம் நிலச் சட்டம் ஒன்றைப் பிறப்பித்து, நாட்டின் பெரும்பான்மையோரான கறுப்பின மக்கள் சுமார் நூற்றில் ஏழு பங்கு நிலத்துக்கு அப்பால் நிலம் வாங்கக்கூடாது என்று விதித்தது. அதற்குப் பன்னிரண்டு நாள் கழித்து, அதே அரசாங்கத்தின் ஆதரவில், மண்ணுக்குரிய செடிகளைக் காக்கும் தோட்டம் ஸ்தாபிதமாயிற்று. அவ்வாண்டின் இறுதியில்தான் காந்தியடிகளின் சத்தியாக்கிரகத்தில் நேட்டாலின் தமிழ்த் தொழிலாளர்கள் நடந்தார்கள். தில்லையாடி வள்ளியம்மை சிறை புகுந்தாள். தோட்டத்தை நிறுவிய விஞ்ஞானிகள்மீது நான் குற்றம் சுமத்தவில்லை. அவர்கள் செடிகளைப் பற்றியே சிந்தித்த சாதுக்கள். ஆனால் அந்த நாட்டில் ஓர் அபூர்வச் செடிக்குக் கிடைத்த கருணை மனிதனுக்குக் கிடைக்க இன்னும் எண்பது ஆண்டுகள் பிடித்தன என்பதைச் சொல்லாமல் இந்த இடத்தின் அழகைப் புகழ எனக்கு நா எழவில்லை.

ஸ்தாபகர் ஹாரல்ட் பியர்சன் 1903இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து கேப் டவுன் கல்லூரிக்குத் தாவர சாஸ்திரப் பேராசிரியராக வந்தவர். செல்வர் செசில் ரோட்ஸ் 1895இல் விலைக்கு வாங்கி, 1902இல் இறக்கும்போது தேசத்துக்கு எழுதிவைத்திருந்த அந்தப் பண்ணை நிலம், கவனிப்பாரற்று, களை மண்டி, பன்றிகள் திரியும் காடாகக் கிடந்தது. 1911ஆம் ஆண்டில் குதிரை வண்டியில் அங்கே போய்ப் பார்த்த பியர்சன், தாம் தேடிய இடம் இதுவே என்று நிச்சயித்துவிட்டார். பணம் போதாமையால் விறகையும் ஓக் மரக் காய்களையும் விற்று ஆரம்பச் செலவுகளைச் சரிக்கட்டினார்கள். சம்பளம் வாங்காமலே இயக்குநராயிருந்த பியர்சன், மூன்றே ஆண்டுகள் உழைத்து, 1916இல் நிமோனியாவினால் காலமானார், வயது நாற்பத்தாறு. அவரைத் தோட்டத்திலேயே அடக்கம் செய்தார்கள்.

வேடிக்கை என்னவென்றால், நாட்டு மரங்களுக்காக உயிரைக் கொடுத்த அந்த மனிதரின் சமாதிக்கு அருகே நிழல் தருவது, கியூ தோட்டத்தார் மரியாதையாக அனுப்பிவைத்த அட்லஸ் தேவதாரு. வட ஆப்பிரிக்க மலைகளின் மரம். தோட்டத்தில் இன்னொரு பக்கம் ரோட்ஸ் 1898இல் நட்ட கற்பூர மரச் சாலை இருக்கிறது. நீலகிரிக்காரர்கள் யூகலிப்டஸைக் கற்பூர மரம் என்பது வழக்கம். நான் சொல்வது அதுவன்று, கிழக்காசியாவைச் சேர்ந்த, மெய்யாகவே சூடம் தரும் மரம். கோயில் தீபாராதனையின் வாசனை அந்தச் சாலையில் இலையைக் கசக்கும்போதெல்லாம் எழுந்தது என்றால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். கொள்கைப்படி இவற்றையெல்லாம் வெட்டியிருக்க வேண்டும். வெட்டவில்லை, சரித்திரம் என்று விட்டுவைத்திருக்கிறார்கள். கொள்கையில் பிடிவாதமும் பழமையில் தாட்சண்யமும் ஒருங்கே உள்ள ஸ்தாபனங்களையே நான் நம்புவது வழக்கமாதலால், இது எனக்குப் பிடித்திருந்தது.

ரோட்ஸ் கொண்டுவந்த வேறொன்று விஷயத்தில் இந்தத் தாட்சண்யத்துக்கு இடமில்லை. அது வட அமெரிக்கச் சாம்பல் நிற அணில். கிர்ஸ்டன்போஷில் சொர்க்கப்பறவைப் பூ என்னும் ஸ்டிரெலிட்சியாவின் மஞ்சள் நிற வகை ஒன்றைப் பல்லாண்டு முயன்று பெருக்கினார்கள். சாதாரணமாக இந்தப் பூ செம்மஞ்சளாக இருக்கும். புதிய வகைக்கு 1996இல் நெல்சன் மண்டேலாவின் பெயரைச் சூட்டினார்கள். கையால் மகரந்தம் சேர்த்து அரும்பாடு பட்டு உண்டாக்கும் அதன் விதைகளை அணில்கள் தின்றுவிடுவதால், பூங்கொத்துகளுக்குக் கம்பிவலை போட்டு மூடுகிறார்கள்.

பூக்களின் அழகைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. புரோட்டியா என்னும் இனத்தில் அரச புரோட்டியாவின் பூந்தலை ஒரு சாப்பாட்டுத் தட்டின் அகலம் இருக்கும். அதுவே அந்த நாட்டின் தேசிய மலர். நம் ஓசூர்ப் பக்கத்துப் பசுமைக் குடில்களில் வளர்ந்து கலியாண மண்டபங்களை அலங்கரிக்கும் ஜெர்பராவும், பூச்செண்டுகளில் வரும் கிளாடியோலஸ்களின் மூதாதையர் பலவும், மலைப் பிரதேசத்து வீட்டு வாசல்களில் தொட்டியில் நிற்கும் ஜெரானியமும், கொடைக்கானலிலும் உதகையிலும் சதுப்புகளில் தானே பரவி வெள்ளைப் புனல்போலப் பூக்கும் ஏரம் லில்லியும் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தவையே. சுமார் 90,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள கேப் பிரதேசத்தில் 9,000 தாவர இனங்கள் உள்ளன. அவற்றில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டவை உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராதவை. அந்தக் குட்டையான, கடினமான இலையுடைய புதர்க்காட்டை அவர்கள் ஃபைன்போஸ் என்று சொல்கிறார்கள்.

இந்தப் புதர்க்காட்டின் தர்மமே நெருப்பு. பத்து, பதினைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை அது எரிய வேண்டும். எரியாவிட்டால் முதிர்ந்து, நெருங்கி, உள்ளுக்குள்ளேயே நலிந்துபோகும். அரச புரோட்டியா மேலே கருகிப்போனாலும் மண்ணுக்குள் இருக்கும் அடித்தண்டிலிருந்து மறுபடி துளிர்க்கும். வேறு சில இனங்கள் விதைகளைக் கூம்புகளில் வருஷக்கணக்காகப் பூட்டிவைத்திருந்து, செடி எரிந்து மடிந்த பின்னரே கொட்டும். ஆனால் தோட்டக்காரர்களை வெகுகாலம் திணறவைத்தது இன்னொரு வகை. அவற்றின் விதைகளைச் சுடுவெந்நீரில் போட்டும், தேய்த்தும், குளிரவைத்தும் பார்த்தார்கள், முளைக்கவேயில்லை. 1990ஆம் ஆண்டில் கிர்ஸ்டன்போஷ் ஆராய்ச்சியாளர் ஜோஹன்னஸ் டி லாங்கே, தம் சகாவோடு சேர்ந்து காரணத்தைக் கண்டு வெளியிட்டார்: விதை காத்திருந்தது நெருப்பின் சூட்டுக்கு அன்று, புகைக்கு. காய்ந்த புதரை எரித்து, அந்தப் புகையை விதைத் தட்டுகளின் மேல் ஒரு கூடாரத்துக்குள் அடைத்தால், அதுவரை உறங்கிய விதைகள் கொத்துக் கொத்தாக முளைத்தன. புகையை நீரில் செலுத்தி அந்த நீரைத் தெளித்தாலும் போதும். பிற்பாடு, புகைநீரில் தோய்த்து உலர்த்திய காகிதத் துண்டுகளைச் சாமான்யத் தோட்டக்காரர்களுக்காக விற்கவும் ஆரம்பித்தார்கள். புகையில் உள்ள எந்தப் பொருள் இந்த மாயத்தைச் செய்கிறது என்பதை 2004இல் ஆஸ்திரேலிய ரசாயன சாஸ்திரிகள் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். காட்டுத்தீயோடு வாழும் புதர்கள் அந்தக் கண்டத்திலும் உண்டு.

புகையாவது மனிதன் உண்டாக்கிவிடலாம். எறும்பை என்ன செய்வது? புரோட்டியாக் குடும்பத்தின் பல இனங்கள் தம் விதையின்மேல் சதைப்பற்றுள்ள ஒரு வெண்மையான பொருளை வைத்திருக்கின்றன. விதை உதிர்ந்த சில நிமிஷங்களில் நாட்டு எறும்புகள் அதைக் கண்டு, வளைக்குள் இழுத்துச் சென்று, சதையைத் தின்றுவிட்டு, வழவழப்பான விதையைப் பூமிக்கடியில் போட்டுவிடுகின்றன. அங்கே எலிக்கும் எட்டாது, தீயும் தீண்டாது. தென்னமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்த அர்ஜென்டினா எறும்பு இந்தப் பிரதேசத்தில் பரவி, நாட்டு எறும்புகளைத் துரத்திவிட்ட இடங்களில், அதே சதையை மண்ணின் மேலேயே தின்றுவிட்டு விதையை அங்கேயே விட்டுப்போகிறது. வில்லியம் பாண்டும் பீட்டர் ஸ்லிங்ஸ்பியும் 1984இல் இதைப் பரிசோதித்து எழுதினார்கள்: தீ வந்து போன பின்பு, புதிய எறும்பு பரவிய இடத்தில் நாற்று மிக அபூர்வமாகவே தலைகாட்டிற்று. ஒரு செடியின் அழிவுக்கு அதை வெட்டவே வேண்டியதில்லை. அதன் எறும்பை மாற்றினால் போதும்.

தோட்டத்தில் பியர்சன் தொடங்கிய சைக்காட் மரத் தொகுப்பு ஒன்று இருக்கிறது. நம் ஊர் நாட்டுமருந்துக் கடைகளில் மதனகாமப்பூ என்று விற்கிறார்களே, அது இந்த வம்சத்து மரம் ஒன்றின் ஆண் கூம்புதான், பூ அன்று. பூக்கும் செடிகள் தோன்றுவதற்கு வெகு முன்பே பூமியில் இருந்த இவ்வம்சத்தில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. 1895இல் ஜான் மெட்லி உட் என்பவர் ஜூலுலாந்தில் ஒரு காட்டின் ஓரத்தில் இதன் புது இனம் ஒன்றைக் கண்டார். ஒரே ஒரு கூட்டம், ஆண் மட்டும். அதற்குப் பின் எத்தனையோ பேர் தேடியும் ஒரு பெண் மரம் அகப்படவில்லை. காட்டில் கடைசித் தண்டையும் 1916இல் பெயர்த்துக்கொண்டுபோய்விட்டார்கள். இன்று உலகத் தோட்டங்களில் இருக்கும் அந்த இனத்து மரங்கள் யாவும் அந்த ஒரே ஆண் மரத்தின் பக்கக் கன்றுகள். கிர்ஸ்டன்போஷிலும் ஒன்று நிற்கிறது. திடகாத்திரமாக, வருஷந்தோறும் கூம்பு விட்டுக்கொண்டு. இதைக் காப்பாற்றப்பட்ட இனம் என்று சொல்வதா, சாவதற்கு மட்டும் தவணை கொடுக்கப்பட்ட இனம் என்று சொல்வதா என்பது எனக்கு விளங்கவில்லை. இத்தகைய அரிய மரங்களுக்குக் கள்ளச் சந்தையில் பெரும் விலையுண்டு. 2014இல் திருடர்கள் இரவில் புகுந்து, இவ்வம்சத்தின் இன்னோர் அருகிய இனத்தில் இருபதுக்கு மேற்பட்ட மரங்களைத் தோட்டத்திலிருந்தே தோண்டிக்கொண்டு போனார்கள். அதே ஆண்டில்தான் மரங்களின் உச்சியினூடே 130 மீட்டர் நீளத்துக்கு வளைந்து செல்லும் எஃகுப் பாலம் ஒன்றைத் திறந்தார்கள். ஜனங்கள் பெரும்பாலும் அந்தப் பாலத்தைப் பார்க்கவே போகிறார்கள். நானும் அதில் நடந்தேன், நன்றாகத்தான் இருக்கிறது.

எரிக்கா வெர்டிசில்லாட்டா என்னும் செடியின் கதையோடு முடித்துக்கொள்கிறேன். ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து, இளஞ்சிவப்புக் குழல்களாகத் தண்டைச் சுற்றிப் பூத்து, தேன்சிட்டுகளுக்கு விருந்திட்ட இச்செடி, கேப் டவுன் நகரம் இன்று பரந்து கிடக்கும் மணற்சமவெளிக்கே உரியது. பூக்காரர்கள் பறித்தார்கள், வீடுகள் பெருகின. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே அது தன் மண்ணிலிருந்து மறைந்துவிட்டது. 1984இல் பிரிட்டோரியா நகரத்துப் பூங்கா ஒன்றில் அதன் செடி ஒன்று எதிர்பாராமல் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் பின் ஊக்கமடைந்து தேடியபோது கிர்ஸ்டன்போஷிலேயே கவனிப்பாரற்று ஒன்று இருந்தது, கியூவில் ஒன்று, வியன்னா நகரத்து பெல்வெடேர் அரண்மனைத் தோட்டத்தில், பழங்காலத்துத் தோட்டக்காரர்களின் பரம்பரையில் தொட்டியிலேயே வாழ்ந்துவந்த ஒன்று. வெளிநாட்டுச் செடிகளைச் சேர்க்கும் பழைய மோகத்தை நான் தொடக்கத்தில் சற்று ஏளனமாகப் பேசினேன்; அந்த மோகம் இல்லாதிருந்தால் வியன்னாவில் அது பிழைத்திராது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரே செடியின் பதியன்கள் எத்தனை இருந்தாலும் வித்து வளம் குன்றும். ஆதலால் இப்படி வெவ்வேறு வம்சங்கள் கிடைத்ததே பெரும் பாக்கியமாயிற்று.

1990களில் ரோண்டெவ்லெய் என்னும் ஏரிக்கரைச் சரணாலயத்தில் இதை மறுபடி நட்டார்கள். பின்னர் கெனில்வொர்த் குதிரைப் பந்தய மைதானத்தின் நடுவே மனை போடப்படாமல் தப்பிய மணற்பரப்பிலும், டோக்காய் என்னுமிடத்தில் பைன் மரங்களை வெட்டிய நிலத்திலும் நட்டார்கள். பல்லாண்டு பைன் நிழலில் கிடந்த அந்த டோக்காய் நிலத்தை எரித்தபோது, மண்ணுக்குள் உறங்கிய ஃபைன்போஸ் விதைகள் தாமாகவே முளைத்தன என்பது எல்லாரையும் பரவசப்படுத்திய செய்தி. அதே சமயம், அந்தப் பைன் நிழலில் காலையும் மாலையும் உலாவப் பழகிய நகரவாசிகள், மரங்களை வெட்டக்கூடாது என்று நீதிமன்றம் வரை சென்றார்கள். நம் நீலகிரியிலும் புல்வெளிகளை விழுங்கிய சீகை மரத்தை, அதாவது ஆஸ்திரேலிய வாட்டிலை, அகற்ற வேண்டும் என்றால், விறகுக்கு அதையே நம்பியிருப்பவர்களின் முகம் வாடுகிறது. அதே வாட்டில் கேப் பிரதேசத்தின் ஆற்றங்கரைகளையும் பிடித்திருக்கிறது. அதை வெட்டி நீர்நிலைகளை மீட்க 1995 முதல் அரசாங்கமே ஏழைகளுக்குக் கூலி கொடுத்து வேலை நடத்திவருகிறது. நிழலில் நடந்தவர்களைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. ஆனால் எரிக்காவுக்கு வெயில் வேண்டும், பத்துப் பதினைந்து ஆண்டுக்கொருமுறை தீயும் வேண்டும். வீடுகளுக்கிடையே தீ வைக்க எந்த நகராட்சி சந்தோஷமாகச் சம்மதிக்கும்? காற்றின் திசை பார்த்து, தீயணைப்பு வண்டிகளை வரிசையாக நிறுத்தி, சிறு சிறு துண்டாக எரிக்கிறார்கள்.

சபைத் தலைவர் அவர்கள் கடிகாரத்தைப் பார்ப்பதை நானும் பார்த்துவிட்டேன். போக விரும்பும் அன்பர்கள் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் போவது நலம். அப்போது அங்கே வசந்தம் தொடங்கி, புரோட்டியாக்கள் பூத்திருக்கும், மழை சற்றே மிச்சமிருக்கும், குடை எடுத்துச் செல்லுங்கள். கிர்ஸ்டன்போஷைப் பார்த்த மறுநாள் ரோண்டெவ்லெய்க்கும் போய் அந்த எரிக்காவைப் பாருங்கள். உடன்வரும் குழந்தைகளுக்குச் செடியில் சிரத்தை இல்லையென்றால் கவலை வேண்டாம். அந்த ஏரியில் நீர்யானைகளும் இருக்கின்றன.